வாசகர் கேள்வி-பதில்: பாம்பனிலிருந்து அமேசானுக்கு

சென்ற இதழில், பெரு நாட்டின் இக்கிட்டோஸிலிருந்து பிரேசிலின் பெலெம் வரை அமேசான் ஆற்றோடு படகில் இறங்கிவருவது பற்றி எழுதியிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பகுதி தொண்டி முதல் வாலிநோக்கம் வரையுள்ள கடற்கரை ஊர்களிலிருந்து. கட்டுரையில் நாங்கள் தொடாமல் விட்டதையெல்லாம் சரியாகப் பிடித்துக் கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டோம்.

*

நாங்கள் மூன்று தலைமுறையாகக் கடலுக்குப் போகிறவர்கள். ஆறுதானே? வள்ளம் ஓட்டத் தெரிந்தால் போதாதா?
– நாட்டுப்படகு மீனவர், தொண்டி

பாதி தெரியும் உங்களுக்கு. மீதிப் பாதியில் கடல் பழக்கமே சில இடங்களில் காலை வாரிவிடும்.

தண்ணீரின் கனத்தில் தொடங்கலாம். மொத்தம் 2 டன் எடையுள்ள வள்ளம் கடலில் சுமார் 1,950 லிட்டர் தண்ணீரைத் தள்ளி மிதக்கிறது. உப்பில்லாத ஆற்றில் 2,000 லிட்டரைத் தள்ளியாக வேண்டும். அதனால் படகு கொஞ்சம் தாழ்ந்து நிற்கும், அவ்வளவுதான். இதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. விளிம்பு வரை ஏற்றிப் பழகியவர்கள் மட்டும் ஒரு மூட்டையைக் குறைத்துக்கொள்ளலாம்.

பெரிய ஆபத்து மரம். மழைக்காலத்தில் கரை சரிந்து விழும் மரங்கள் முழுசாக, வேரும் கிளையுமாக மிதந்து வரும். கண்ணுக்குத் தெரிபவற்றை ஒதுங்கி விடலாம். ஊறிப்போன மரம்தான் கெட்டது. வேர்ப்பக்கம் சேற்றில் புதைந்துவிடும், நுனி மட்டும் நீரோட்டத்தில் அமுங்கி எழுந்து அமுங்கி எழுந்து ஆடும். அமுங்கியிருக்கும் பத்து நொடியில் நீங்கள் அதன்மேல் போனால், எழும்போது படகின் அடியைக் குத்தித் தூக்கும். நீர்ப்பரப்பைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். கூர்முனை ஆற்றின் மேற்புறம் பார்த்து, இரண்டு கோடுகள் கீழ்நோக்கி விரிந்தால் அந்த முனையில் ஏதோ மறைந்திருக்கிறது. கூர்முனை கீழ்ப்புறம் பார்த்தால் இரண்டு தடைகளுக்கு நடுவே தண்ணீர் சேர்ந்து ஓடுகிறது, அதுதான் வழி. இருட்டில் இரண்டுமே தெரியாது. சிறு படகு இரவில் ஓடக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம்.

அங்குள்ள சிறு படகுகளில் நீண்ட தண்டோடு கூடிய எஞ்சினை மாட்டுகிறார்கள். பெருவில் அதன் பெயர் பெக்கெ-பெக்கெ, ஓடும் சத்தத்தையே பெயராக்கிவிட்டார்கள். நம் வள்ளங்களில் மாட்டும் நீளவால் எஞ்சினின் உறவுக்காரன்தான். மரம் தட்டுப்படும்போது கைப்பிடியை அமுக்கினால் விசிறி தண்ணீருக்கு மேல் வந்துவிடும். இதற்காகவே அது அங்கே நிலைத்தது.

அடுத்தது நங்கூரம். பார், அதாவது கடலடிப் பாறை, உள்ள இடத்தில் நங்கூரம் சிக்கும் என்பது உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆற்றடியில் பாருக்குப் பதிலாக மூழ்கிய மரக்கிளைகள். நங்கூரத்தின் அடிப்புறத்தில் இரண்டாவது கயிறு ஒன்றைக் கட்டி, மேலே மிதவை விட்டால், சிக்கினால் பின்பக்கமாக இழுத்து எடுத்துவிடலாம். நங்கூரக் கயிற்றை எப்போதும் படகின் முன்முனையான அணியத்தில்தான் கட்ட வேண்டும். பின்முனையான அமரத்தில் கட்டினால் நீரோட்டம் பின்பலகையில் மோதி உள்ளே ஏறும். பாக் விரிகுடாவில் இந்தத் தப்பைச் செய்தும் பிழைத்தவர்கள் உண்டு, ஓட்டம் ஒரு பொழுதில் தணிந்துவிடும் என்பதால். ஆறு தணியாது.

கரை ஒதுங்கும்போது வளைவின் வெளிப்பக்கம் வேண்டாம். அங்கேதான் ஓட்டம் கரையை அரிக்கிறது, வீடு உயர மண்சுவர் மரங்களோடு பொளேரென்று விழும், அதன் அலையே சிறு படகைக் கவிழ்க்கப் போதும். வளைவின் உட்பக்கம் மணல்மேடாக இருக்கும். அதிலும் ஒரு சிக்கல்: எங்கோ ஆற்றின் மேற்புறம் 500 கிலோமீட்டர் தள்ளிப் பெய்த மழை, இங்கே வானம் வெளுத்துக் கிடக்கும்போது இரவோடிரவாக மட்டத்தை ஏற்றும். தங்கியதும் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு, தூங்கப்போகுமுன் பாருங்கள். குச்சி தண்ணீருக்குள் போயிருந்தால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

காற்றும் ஒன்று உண்டு. ஆற்றின் கீழ்ப்பகுதியில், பிரேசிலின் சந்தரேம் நகருக்குக் கீழே, கிழக்கிலிருந்து கொண்டல் ஆற்றை எதிர்த்து அடிக்கும், பிற்பகலில் பலமாக. ஓட்டம் ஒரு பக்கம், காற்று எதிர்ப்பக்கம் என்றால் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும் என்பது பாம்பன் கால்வாயில் போனவர்களுக்குத் தெரிந்ததே. விடிகாலையில் கிளம்பி நண்பகலுக்குள் ஒதுங்குவதுதான் முறை.

*

அமேசான் பெரிது பெரிது என்கிறீர்களே, எங்கள் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி ஓர் அளவு சொல்லுங்கள்.
– பள்ளி ஆசிரியை, ஆர்.எஸ்.மங்கலம்

'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று கண்மாய்க்குப் பெயர் வாங்கிய ஊர்க்காரரிடம் அளவு சொல்லக் கொஞ்சம் தயக்கம்தான். வைகை அணை 71 அடிக்கு நிறைந்தால் சுமார் 6 டி.எம்.சி. அமேசான் நொடிக்குச் சராசரியாக 2 லட்சம் கனமீட்டர் தண்ணீரைக் கடலில் கொட்டுகிறது. அந்த வேகத்தில் வைகை அணை முழுவதும் கால் மணி நேரத் தண்ணீர். பிள்ளைகளையே கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு டி.எம்.சி. என்பது 2 கோடியே 83 லட்சம் கனமீட்டர்.

இன்னொன்று, இது பலருக்கு வியப்பு. கடலிலிருந்து ஆற்றுவழியே சுமார் 3,600 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் இக்கிட்டோஸ், கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 100 மீட்டர்தான். கிலோமீட்டருக்கு 3 சென்டிமீட்டர்கூட இறக்கம் இல்லை. இவ்வளவு தட்டையான படுகையில் ஆற்றை ஓட வைப்பது பின்னாலிருந்து நெருக்கும் தண்ணீரின் அளவு.

*

வேலையை விட்டுவிட்டு ஒரு மாதம் போகலாம் என்று இருக்கிறேன். சொந்தப் படகெல்லாம் இல்லை. சாதாரணப் பயணியாக எப்படிப் போவது? எத்தனை நாள்?
– வாசகர், ராமநாதபுரம்

சரக்கும் ஆளும் ஏற்றும் படகுகள்தான் அங்கே பஸ். இக்கிட்டோஸுக்கு வெளியிலிருந்து சாலையே கிடையாது, ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளியுள்ள நவுத்தாவுக்குப் போகும் ஒரு சாலையைத் தவிர. ஆகாயம் அல்லது ஆறு.

மூன்று கட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இக்கிட்டோஸிலிருந்து பெரு, கொலம்பியா, பிரேசில் மூன்றும் சந்திக்கும் எல்லைக்குச் சரக்குப் படகில் இரண்டு மூன்று நாள். பிரேசில் பக்கத்து ஊரான தபாதிங்காவிலிருந்து நடுவழி நகரமான மனாஉஸுக்கு மூன்று நான்கு நாள். மனாஉஸிலிருந்து பெலெமுக்கு நான்கைந்து நாள். படகு நிறைந்தால்தான் கிளம்பும் ஊர்களும் உண்டு, ஆகவே காத்திருப்புக்கு ஒரு வாரம் கூட்டிக்கொண்டால் ஒரு மாத விடுப்பில் அடங்கிவிடும்.

படுக்கை நீங்கள் கொண்டுபோகும் தூளிதான். துணித்தூளி, அங்கேயே துறைமுகக் கடைகளில் கிடைக்கும். தலைமாட்டுக்கும் கால்மாட்டுக்கும் தனித்தனியாக இரண்டு மீட்டர் கயிறு வாங்குங்கள், கூடவே கொடுக்கும் கயிறு குட்டையாக இருக்கும். படகு கிளம்புவதற்கு நான்கைந்து மணி நேரம் முன்னால் போய் இடம் பிடியுங்கள். பின்பக்கம் எஞ்சின் சத்தமும் கழிவறையும். சமையலறையும் பெரும்பாலும் அங்கேதான். விளக்குக்கு நேர் கீழேயும் வேண்டாம், இரவெல்லாம் பூச்சி கொட்டும். மேல்தட்டில், முன்பக்கத்துக்கும் நடுவுக்கும் இடையில், உத்தரத்தில் கட்டுங்கள். நேராகப் படுத்தால் முதுகு வளைந்து காலையில் எழுந்திருக்க முடியாது. குறுக்குவாட்டில், கொஞ்சம் கோணலாகப் படுத்தால் துணி தட்டையாகும். அங்குள்ளவர்கள் எல்லாரும் அப்படித்தான் தூங்குகிறார்கள். நள்ளிரவில் நடு ஆற்றில் குளிரும், ஒரு போர்வை கட்டாயம்.

படகு ஆற்றோடு இறங்கும்போது ஓட்டம் உள்ள நடு ஆற்றில் போகும், காடு தூரத்துப் பச்சைக்கோடாகத்தான் தெரியும். எதிரேறும் படகுகள் ஓட்டம் குறைந்த கரையை ஒட்டிப் போகும். மரமும் குரங்கும் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் ஏதாவது ஒரு கட்டத்தை எதிரேறிப் போங்கள். நாள் கூடும், ஆனால் பார்ப்பதற்கு ஏதாவது இருக்கும்.

மாதம் முக்கியம். மனாஉஸில் ஜூன் வாக்கில் வெள்ளம் உச்சம், அக்டோபர்-நவம்பரில் அடிமட்டம். சாதாரண ஆண்டிலேயே இரண்டுக்கும் 10 மீட்டர் வித்தியாசம். 2021 ஜூனில் அங்குள்ள அளவுகோல் 30 மீட்டரைத் தொட்டது. 2024 அக்டோபரில் 12 மீட்டருக்குச் சற்று மேலே நின்றது. அந்த மாதிரி வறட்சியில் கிளையாறுகளில் படகுகள் தரைதட்டி நிற்கும், நாள்கணக்கெல்லாம் பொய்த்துப்போகும். மே முதல் ஜூலை வரை போவது நல்லது.

*

கல்லூரி நண்பர்கள் நான்கு பேர். பால்சா மரத்தில் தெப்பம் கட்டி, எஞ்சின் இல்லாமல் ஆற்றோடு போக ஆசை. நடக்குமா?
– மாணவர், கீழக்கரை

கட்டுவது நடக்கும். கடைசி வரை போவதை நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம். காரணத்தைப் பிறகு சொல்கிறோம்.

30 சென்டிமீட்டர் விட்டமும் 6 மீட்டர் நீளமும் உள்ள ஒரு மரத்தின் கன அளவு சுமார் 420 லிட்டர். எட்டு மரம் சேர்த்தால் ஏறக்குறைய 3,400 லிட்டர். உலர்ந்த பால்சா தக்கையைப் போன்றது, கனமீட்டருக்கு 160 கிலோ அளவுதான். ஆனால் உங்களுக்குக் கிடைக்கப்போவது அன்றைக்கு வெட்டிய பச்சை மரம், அதற்குள் தண்ணீர் நிறைய. தாங்கும் சக்தியில் பாதியைக் கழித்துவிடுங்கள், ஊறுவதற்கென்று மீதியிலும் பாதியைக் கழியுங்கள். சுமார் 850 கிலோ நிற்கும். நான்கு பேர், குடிதண்ணீர், அரிசி, அடுப்பு, கூரை எல்லாம் இதற்குள் தாராளமாக அடங்கும்.

உங்கள் தாத்தாக்களின் கட்டுமரம் ஏன் தினமும் கரையில் அவிழ்த்துப் போடப்பட்டது? மரம் காயத்தான். காய்ந்தால்தான் மறுநாள் மிதப்பு. தெப்பத்தில் வீடு கட்டிக் குடியிருக்கும்போது அவிழ்க்க வழியில்லை, வாரத்துக்கு வாரம் தாழும். புறப்பட்ட நாளன்று பக்கவாட்டு மரத்தில் தண்ணீர் மட்டத்துக்கு ஆணியால் ஒரு கோடு கீறிவையுங்கள். அந்தக் கோடு ஒரு சாண் உள்ளே போனால் மரம் மாற்ற வேண்டும்.

குறுக்குக் கழிகள் குறைந்தது நான்கு. நைலான் கயிறு நனைந்தால் நெகிழும். கட்டி முடித்து ஓரிரவு தண்ணீரில் போட்டு, மறுநாள் எல்லாக் கட்டையும் மறுபடி இறுக்குங்கள். முன்னும் பின்னும் ஆளுக்கொரு நீளத் துடுப்பு, 4 மீட்டராவது வேண்டும். அதைக் கொண்டு முன்னே போக முடியாது, பக்கவாட்டில் நகரத்தான் முடியும். வளைவு கண்ணில் பட்டவுடனே உட்பக்கம் நோக்கித் தள்ள ஆரம்பிக்க வேண்டும். வளைவுக்குள் வந்தபின் தொடங்கினால் வெளிக்கரையில் சாய்ந்து கிடக்கும் மரக்கிளைகளுக்குள் தெப்பம் சொருகும், ஓட்டம் பின்னாலிருந்து அமுக்கும். தெப்பப் பயணங்கள் முடிவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். அப்படிச் சொருகினால் கிளையின் மேலே ஏறுங்கள், கீழே குனிந்து போகப் பார்க்காதீர்கள்.

இப்போது கணக்கு. ஓட்டம் மணிக்கு 4 கிலோமீட்டர் என்றால், பத்து மணி நேரப் பகலில் 40 கிலோமீட்டர். இக்கிட்டோஸிலிருந்து கடலுக்கு மூன்று மாதம். இடையில், எல்லையை ஒட்டியும் பிரேசிலின் கோவாரி ஊரைச் சுற்றியும், போதைச் சரக்குக் கும்பல்களும் ஆற்றுக் கொள்ளையரும் நடமாடும் பகுதி. 2017-இல் துடுப்புப் படகில் தனியாகப் போன பிரிட்டன் பெண் ஒருவர் கோவாரிக்கு அருகே கொல்லப்பட்டார். எஞ்சின் இல்லாத தெப்பத்துக்கு ஓடித் தப்பும் வழி கிடையாது. ஆசை தீர வேண்டுமென்றால் நவுத்தாவில் தெப்பம் கட்டி இக்கிட்டோஸ் வரை, உள்ளூர் ஆள் ஒருவரை வைத்துக்கொண்டு, மூன்று நாள் போங்கள். அதற்கப்புறம் பயணிப் படகு.

*

பிரான்யா, அனகோண்டா, மின்விலாங்கு. எதற்குப் பயப்பட வேண்டும்?
– வாசகி, தேவிபட்டினம்

திருக்கைக்கு.

மற்றவையெல்லாம் கதைகளில் வளர்ந்தவை. பிரான்யாவிடம் விரலைக் கொடுப்பவர்கள், அதைத் தூண்டிலிலிருந்து கழற்றும் ஆட்கள்தான். மின்விலாங்கு மோசம், 2019-இல் ஓர் இனத்தில் 860 வோல்ட் வரை அளந்தார்கள், ஆனாலும் சேற்றுக் குட்டைகளில் துழாவாதவரை எதிர்ப்படாது. நன்னீர்த் திருக்கையோ, நீங்கள் இறங்கிக் குளிக்க ஆசைப்படும் அதே ஆழமில்லாத மணலில், மேலே ஒரு பிடி மணலைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கும். மிதித்தால் வால்முள் கணுக்காலில். காலைத் தூக்கி வைக்காமல் அடியோடு தேய்த்துத் தேய்த்து நடந்தால் அதிர்வு பட்டு விலகிவிடும். முன்னால் ஒரு குச்சியால் தட்டிக்கொண்டே போவது இன்னும் நல்லது.

குத்திவிட்டால், அந்த விஷம் சூட்டில் கெடும் வகை. நல்ல காலைவிட்டுப் பார்த்து, அது தாங்கும் அளவு சூடான தண்ணீரில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், ஒரு மணி நேரமாவது அடிபட்ட காலை வைத்திருங்கள். குத்திய காலுக்குச் சூடு சரியாகத் தெரியாது, அதை நம்பித் தண்ணீரை ஊற்றினால் வெந்துவிடும். வலி தணிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். நன்னீர்த் திருக்கையின் காயம் அழுகும், முள்ளின் துணுக்கு உள்ளே தங்கும்.

*

ஆற்றில் சுறா வருமாமே?
– மீன் வியாபாரி, ஏர்வாடி

வரும். காளைச்சுறா இக்கிட்டோஸ் பக்கமே பிடிபட்டிருக்கிறது. நன்னீருக்குள் வந்ததும் அதன் சிறுநீரகம் உப்பைத் தக்கவைத்துத் தண்ணீரை மட்டும் வெளியேற்றுகிறது.

உங்கள் தொழிலுக்கு ஒத்த செய்தி ஒன்று: 3 மீட்டர் வரை வளரும் பிரருக்கு என்ற மீனைத் தோலுரித்து, அகலத் துண்டாக அரிந்து, உப்பிட்டு வெயிலில் காயவைத்துச் சுருட்டி விற்கிறார்கள். கருவாடுதான். மனாஉஸ் சந்தையில் பாய்போல அடுக்கிவைத்திருப்பார்கள்.

*

அந்தச் சேற்றுத் தண்ணீரை எப்படிக் குடிப்பது? ஊருணித் தண்ணீரை நாங்கள் தேத்தாங்கொட்டை உரசித் தெளிய வைப்போம். அது போதுமா?
– செவிலியர், முதுகுளத்தூர்

தெளிய வைக்கப் போதும், கிருமியைக் கொல்லாது. ஆனால் நீங்கள் சரியான இடத்தில் தொடங்குகிறீர்கள். கலங்கிய தண்ணீரில் நேராகக் குளோரின் விட்டால் மருந்து முழுவதையும் சேறே தின்றுவிடும். முதலில் தெளிவு, பிறகு கொல்வது.

20 லிட்டர் வாளியில் தண்ணீரை ஒரு மணி நேரம் அசையாமல் வைத்து, மேல் தண்ணீரை மாற்றிக்கொள்ளுங்கள். அதில் ஒரு கிராம் படிகாரத் தூள், சிட்டிகையைவிடக் கொஞ்சம் கூடுதல். ஒரு நிமிடம் வேகமாக, ஐந்து நிமிடம் மெதுவாகக் கலக்கி, அரை மணி நேரம் விடுங்கள். பஞ்சு பஞ்சாகத் திரண்டு அடியில் இறங்கும். மெதுவாகக் கலக்காமல் விட்டால் திரளாது, பலர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். படிகாரம் இல்லையென்றால் லிட்டருக்கு ஒரு முருங்கை விதை, தோல் நீக்கி இடித்தது. நான்காக மடித்த வேட்டித் துணியில் வடிகட்டி, கொப்புளம் புரள ஒரு நிமிடம் கொதிக்கவிட்டால் முடிந்தது. விறகு இல்லாதபோது 5 சதவீதக் குளோரின் கரைசல் லிட்டருக்கு இரண்டு சொட்டு, அரை மணி நேரம் காத்திருப்பு.

மனாஉஸில் வந்து சேரும் ரியோ நெக்ரோ ஆற்றில் இந்த வித்தை பலிக்காது. அது கறுப்புத் தண்ணீர், டீ டிகாஷன் நிறம், புளிப்புத்தன்மை அதிகம். சேறு கிடையாது, இலைச்சாறு கரைந்த நிறம் அது. அமிலத் தண்ணீரில் படிகாரம் சரியாகத் திரளாது, குளோரினையும் அந்தச் சாறு உறிஞ்சிவிடும். கொதிக்க வைப்பது ஒன்றே வழி. ஆனால் அந்த ஆற்றங்கரையில் கொசு குறைவு, புளிப்புத் தண்ணீரில் புழு பிழைப்பது கஷ்டம். கறுப்பும் காப்பி நிறமும் கலக்காமல் ஆறு கிலோமீட்டர் தூரம் அக்கம்பக்கமாக ஓடும் இடமும் மனாஉஸ் அருகேதான். வெப்பமும் வேகமும் அடர்த்தியும் இரண்டுக்கும் வேறு வேறு.

*

இந்த ஆற்றில் முதலில் முழுசாக இறங்கிவந்த வெள்ளைக்காரர்கள் காட்டுக்குள்ளேயே கப்பல் கட்டினார்களாமே? ஆணிக்கு எங்கே போனார்கள்?
– படகு கட்டும் ஆசாரி, மண்டபம்

தொழிலாளிக்குத்தான் இந்தக் கேள்வி தோன்றும். ஸ்பானியரான பிரான்சிஸ்கோ தெ ஒரெல்லானாவின் கூட்டம் 1541 டிசம்பரில், கொன்சாலோ பிசாரோவின் படையிலிருந்து உணவு தேடப் பிரிந்து ஒரு படகில், அமேசானில் போய்ச் சேரும் நாப்போ ஆற்றோடு இறங்கியது. அறுபது பேருக்குள். எதிரேறித் திரும்ப முடியாது என்று ஆனதும் கடல் வரை போவதென முடிவெடுத்து, இன்னும் பெரிய படகு ஒன்று கட்டத் தீர்மானித்தார்கள். கையிலிருந்த இரும்புத் துண்டுகளை உருக்கி ஏறக்குறைய 2,000 ஆணி அடித்தார்கள். கரி காட்டில் சுட்டது, துருத்தி பழைய தோல் காலணிகளில் தைத்தது. பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்துப் பிசின் பூசினார்கள். 1542 ஆகஸ்ட் 26 அன்று இரண்டு படகுகளும் கடலைத் தொட்டன. கூட வந்த பாதிரியார் கஸ்பார் தெ கர்வஹால் அம்பு பட்டு ஒரு கண்ணை இழந்தார், நடந்ததை எழுதிவைத்தவரும் அவர்தான். இவர்கள் பார்த்தது ஆளில்லாக் காட்டை அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கரை நெடுக ஊர்கள், பயிர், வளர்ப்பு ஆமைத் தொட்டிகள் எல்லாம் அவர் குறிப்பில் உண்டு. அந்த ஊர்களின் உணவை வாங்கியும் பறித்தும்தான் அவர்கள் பிழைத்தார்கள்.

*

கடல் ஏற்றம் ஆற்றுக்குள் எவ்வளவு தூரம் போகும்?
– வாசகர், பாம்பன்

சுமார் 800 கிலோமீட்டர், பிரேசிலின் ஓபிதோஸ் ஊர் வரை. அங்கே ஆறு 2 கிலோமீட்டருக்கும் குறைவாகக் குறுகி, 60 மீட்டர் ஆழத்துக்கு இறங்குகிறது. பாக் விரிகுடாவின் ஆழம் பெரும்பாலும் 10 மீட்டருக்குள் என்பதை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்றம் சில கிளையாறுகளில் சுவராக எழுந்து உள்ளே ஓடுவதைப் பொரொரொக்கா என்பார்கள். பிப்ரவரி, மார்ச் மாத அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி பலமாக இருக்கும். வாய் அகலமாகவும் ஆழமில்லாமலும் இருந்தால்தான் அலை நிமிரும். பேர்பெற்ற அரகுவாரி ஆற்றில் அது சில ஆண்டுகளாக அடங்கிவிட்டது. மேய்ச்சல் எருமைகள் மிதித்த தடங்கள் வாய்க்காலாகி, தண்ணீர் வேறு பக்கம் திரும்பி, ஆற்றுவாய் தூர்ந்துபோனது.

*

ஊசி, விசா என்று என்னென்ன தேவை?
– வாசகர், ராமேஸ்வரம்

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை முதலில் முடியுங்கள். சென்னை கிண்டியில் கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். சான்றிதழ் ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்து செல்லும், அப்புறம் ஆயுளுக்கும். மறதிக்காரர்கள் மாட்டுவது போகும்போது அல்ல, திரும்பும்போது. அந்த நோய் நம் நாட்டில் இல்லை, ஆனால் அதைப் பரப்பும் கொசு தெருவுக்குத் தெரு இருக்கிறது. அதனால் பெரு, பிரேசிலிலிருந்து சான்றிதழ் இல்லாமல் வந்து இறங்குபவரை விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமையில் வைப்பார்கள். மலேரியா மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு இங்கிருந்தே தொடங்குங்கள். வீட்டில் கிடக்கும் பழைய குளோரோகுயின் அங்குள்ள கடுமையான வகைக்குக் கேட்காது.

பிரேசிலுக்கு விசா வேண்டும். மூன்று நாட்டு எல்லையில் படகிலிருந்து இறங்கி நேரே ஊருக்குள் நடந்துவிடலாம், யாரும் நிறுத்த மாட்டார்கள். அதை நம்பாதீர்கள். பெருவின் வெளியேறும் முத்திரையை அந்தக் கரையில் வாங்கிவிட்டு, தபாதிங்காவில் கூட்டரசுப் போலீஸ் அலுவலகத்துக்குப் போய் நுழைவு முத்திரை குத்திக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பெலெமில் விமானம் ஏறும்போதுதான் கேட்பார்கள், அங்கிருந்து தபாதிங்கா பத்து நாள் தள்ளி, ஆற்றை எதிர்த்து.